செர்னி எழுதிவைத்த பீத்தோவன்

கார்ல் செர்னி என்ற பெயர் நம் சங்கத்துக் குடும்பங்களில் பல பேருக்குப் புதிதல்ல. பிள்ளைகளைப் பியானோ வகுப்புக்கோ கீபோர்டு வகுப்புக்கோ அனுப்புகிற வீடுகளில் அந்தப் பெயர் போட்ட பயிற்சிப் புத்தகம் ஒன்று கிடக்கும். ஓபஸ் 599, ஓபஸ் 299 என்று அட்டையில் எண் இருக்கும். பிள்ளைகளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. விரல் மேலே ஓடி, கீழே வந்து, மறுபடி மேலே ஓடவேண்டும். ராகமும் கிடையாது, பாவமும் கிடையாது என்று அலுத்துக்கொள்ளும். குழந்தைகளை வதைப்பதற்கென்றே பிறந்த மனுஷன் என்பது என் பேத்தியின் தீர்ப்பு. இந்தக் கட்டுரை அந்த மனுஷனைப் பற்றியதுதான். அவர் 1842-இல் தம் கைப்பட எழுதிவைத்த சின்னச் சுயசரிதை ஒன்று இருக்கிறது. அதில் வருகிற பீத்தோவனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

நான் சங்கீதம் படித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டில் பிறந்து, எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தி, வடக்கே வந்து காகித வியாபாரத்தில் காலம் தள்ளியவன். கணக்குப் புத்தகமும் பேரேடும்தான் என் சரக்கு. ஆனால் கணக்கு எழுதுகிற பெரியவர்களோடு பழகியதில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. அன்றன்றைக்கு எழுதிய சிட்டா ஒரு மாதிரி இருக்கும். வருஷக் கடைசியில் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியது வேறு மாதிரி இருக்கும். இரண்டாவதில் அடித்தல் திருத்தல் இராது, மையின் நிறம் மாறாது, எழுதினவனுக்கு இடைஞ்சலான வரி ஒன்றும் கண்ணில் படாது. அந்தக் கடைசி அடையாளம்தான் முக்கியம். பெரிய மனிதர்களின் சரித்திரத்தைப் படிக்கும்போதும் எனக்கு இதே புத்திதான் வருகிறது.

செர்னி 1791 பிப்ரவரி 21 அன்று வியன்னா நகரத்தில் பிறந்தார். அதே வருஷக் கடைசியில்தான் மோட்சார்ட் இறந்தார். செர்னியின் தகப்பனார் செக் நாட்டுக்காரர். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். ஒரே பிள்ளை. தெருவில் மற்றப் பிள்ளைகளோடு விளையாட விடாமல் வளர்த்தார். பத்து வயதுக்குள் மோட்சார்ட், கிளெமெண்டி இவர்களுடைய உருப்படிகளில் பெரும்பாலானவற்றைப் பையன் வாசித்துவிட்டான். சம்பளம் கொடுக்க வசதியில்லாத மாணவர்கள் அதற்குப் பதிலாகப் பையனுக்குப் பாஷைகள் சொல்லிக்கொடுத்தார்களாம். பண்டமாற்று! இந்த விவரமெல்லாம் அந்த நினைவுக் குறிப்பில் செர்னியே எழுதியதுதான்.

அந்த வீட்டுக்கு அடிக்கடி வந்துபோனவர் கிரும்ப்ஹோல்ஸ் என்ற வயலின்காரர். அரசாங்க நாடக சபையின் வாத்தியக் குழுவில் வாசித்தவர். இவருக்குப் பீத்தோவன் மேல் பித்து. புதிதாக என்ன எழுதினார் என்ற சேதியெல்லாம் இவர் மூலமாகத்தான் செர்னி வீட்டுக்கு வந்தது. பீத்தோவனும் இவரைச் செல்லமாக 'என் கோமாளி' என்று சொல்வாராம். பையனைப் பீத்தோவனிடம் அழைத்துப் போனவரும் இவரே.

இனி வருகிற பகுதிதான் அந்தக் கையெழுத்துப் பிரதியின் உயிர். குளிர்காலத்தில் ஒரு நாள். தகப்பனார், கிரும்ப்ஹோல்ஸ், பையன் மூவரும் புறநகரிலிருந்து நடந்தே ஊருக்குள் வருகிறார்கள். டீஃபர் கிராபென் என்ற தெருவில் ஒரு வீடு; ஐந்தாவதோ ஆறாவதோ மாடி. ஏறி ஏறிக் கால் ஓய்ந்துபோகிறது. அழுக்கான ஒரு வேலைக்காரன் கதவைத் திறக்கிறான். உள்ளே, பெரிய மகானின் வாசஸ்தலம் என்று நினைத்து வந்த பையனுக்கு அதிர்ச்சி. எங்கும் காகிதமும் துணிமணியும் இறைந்து கிடக்கின்றன. சில பெட்டிகள். சுவரில் ஒன்றுமில்லை. உட்கார நாற்காலியும் இல்லை. பியானோவுக்கு முன்னால் மட்டும் ஆடுகிற நாற்காலி ஒன்று. பியானோ மட்டும் வால்ட்டர் என்கிற, அந்நாளில் முதல்தரமான தயாரிப்பு. ஏழெட்டுப் பேர் அங்கே கூடியிருந்தார்கள். ஷுப்பான்சிக் என்ற வயலின் வித்வான், விரானிட்ஸ்கி சகோதரர்கள், மோட்சார்ட் பாதியில் விட்டுப்போன ரெக்வியத்தைப் பூர்த்தி செய்த ஸுஸ்மையர், பீத்தோவனின் தம்பி ஒருவர்.

பீத்தோவன் எப்படி இருந்தார்? சடைசடையாக முடி தொங்குகிற கறுஞ்சாம்பல் நிற முரட்டுத் துணியில் சட்டை, அதே துணியில் கால்சட்டை. பையன் அப்போது ராபின்சன் குரூசோ கதை படித்துக்கொண்டிருந்தான். அந்தப் புத்தகத்துப் படம்தான் ஞாபகத்துக்கு வந்ததாம். கறுகறுவென்ற தலைமயிர் குத்திட்டு நின்றது. முகம் பல நாள் சவரம் பண்ணாதது. கைகள் நிறைய ரோமம்; விரல் நுனிகள் அகலமானவை. அப்புறம் ஒரு வரி: இரண்டு காதிலும் பஞ்சு, அது ஏதோ மஞ்சளான திரவத்தில் நனைத்தது போல இருந்தது. இதைக் குழந்தைக்கே உரிய சட்டென்ற பார்வையில் கண்டுகொண்டதாகச் செர்னி எழுதுகிறார். கூடவே, அன்றைக்குப் பேச்சில் காது மந்தம் என்பதற்கு ஓர் அறிகுறியும் தெரியவில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

பையனை வாசிக்கச் சொன்னார்கள். பயந்துகொண்டே மோட்சார்ட்டின் சி மேஜர் கன்செர்ட்டோ ஒன்றைத் தொடங்கினான். சிறிது நேரத்தில் பீத்தோவன் நாற்காலிக்கு அருகில் நெருங்கி வந்து, வாத்தியக் குழு வாசிக்கவேண்டிய பகுதிகளைத் தம் இடது கையால் கூடவே வாசித்தார். அதற்கப்புறம் பையன், பீத்தோவனே எழுதி அப்போதுதான் வெளிவந்திருந்த 'பாத்தெடிக்' சொனாட்டாவை வாசித்தான். கடைசியில் 'அடெலைட்' என்ற பாட்டு. தகப்பனார் பாடினார், பையன் வாசித்தான். முடிந்ததும், பையனிடம் திறமை இருக்கிறது, நானே சொல்லித்தருகிறேன், வாரத்தில் சில நாள் அனுப்புங்கள் என்றார் பீத்தோவன். முதலில் எம்மானுவேல் பாக் எழுதிய பயிற்சி நூலை வாங்கிவரச் சொன்னார்.

நாற்பது வருஷம் கழித்து எழுதியது இது. பத்து வயதுப் பையனின் ஞாபகத்தை எப்படி நம்புவது என்று யாரும் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். நான் ஒரு வரிக்கு ஒரு வரி ஒத்துப்பார்த்தேன். பீத்தோவன் 1800 வாக்கில் டீஃபர் கிராபென் தெருவில் குடியிருந்தது வேறு ஆதாரங்களாலும் தெரிந்த செய்தி. 'அடெலைட்' 1797-இலும் 'பாத்தெடிக்' 1799-இலும் அச்சானவை. ஸுஸ்மையர் 1803-இல் இறந்துவிட்டார். ஆகவே இந்தச் சந்திப்பு அதற்கு முன்னால்தான் நடந்திருக்கவேண்டும். எல்லாம் பொருந்தி வருகிறது.

அந்த மஞ்சள் பஞ்சு? பீத்தோவன் தம் காது கெட்டுவருவதை நண்பர்களுக்கு மனம் திறந்து எழுதியது 1801 கோடையில்தான். ஜூன் 29 அன்று வேகெலர் என்ற பழைய சிநேகிதருக்கு, அவர் ஒரு வைத்தியர், எழுதிய கடிதத்தில், மனிதர்களிடம் நான் செவிடன் என்று சொல்லமுடியாமல் இரண்டு வருஷமாகக் கூட்டத்தை விட்டு ஒதுங்கி வாழ்கிறேன் என்று புலம்புகிறார். அதே கடிதத்தில், டாக்டர் ஒருவர் காதுக்கு வாதுமை எண்ணெய் கொடுத்துப் பார்த்ததையும் சொல்கிறார். வாதுமை எண்ணெயின் நிறம் நமக்குத் தெரியும், இளமஞ்சள். இந்தக் கடிதம் 1838-இல் அச்சில் வந்துவிட்டது. ஆகையால் செர்னி 1842-இல் அதைப் பார்த்துக் கதை கட்டியிருக்கலாமே என்று வக்கீல் மாதிரி ஒருவர் வாதம் பண்ணலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பார்த்து எழுதுகிறவன் வாதுமை எண்ணெய் என்று எழுதுவான். இவரோ என்ன திரவம் என்றே சொல்லவில்லை. நிறத்தை மட்டும் சொல்கிறார். பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் நின்ற அறையில், அவர் மறைத்துவைத்த துக்கத்தின் அடையாளத்தை ஒரு பையன் கண்டிருக்கிறான், என்னவென்று புரியாமலேயே.

பாடம் எப்படி நடந்தது என்பதும் விவரமாக இருக்கிறது. முதல் சில பாடங்கள் முழுக்க ஸ்கேல்கள் மட்டும். அப்புறம் கை எப்படி இருக்கவேண்டும், விரல் எப்படி வளையவேண்டும், முக்கியமாகக் கட்டைவிரலை எப்படிப் பயன்படுத்தவேண்டும் என்பது. அக்காலத்து வித்வான்கள் பலருக்கே கட்டைவிரலின் உபயோகம் சரியாகத் தெரியாதாம். பிறகு சுரங்களை அறுபடாமல் ஒன்றோடொன்று இழைத்து வாசிப்பது. மோட்சார்ட் வாசித்ததைத் தாம் கேட்டிருப்பதாகவும், அது நயமானதுதான் ஆனால் வெட்டி வெட்டி வாசிக்கிற தினுசு என்றும் பீத்தோவன் சொன்னதாகச் செர்னி வேறோர் இடத்தில் தெரிவித்திருக்கிறார். நம் பிள்ளைகள் இன்று அலுத்துக்கொண்டு வாசிக்கிற அந்தப் பயிற்சிகளின் ஊற்றுக்கண் இந்த அறைதான் என்று நினைக்கிறேன்.

பாடம் நெடுநாள் நீடிக்கவில்லை. பீத்தோவனுக்கு எழுதுகிற வேகம் வந்துவிட்டால் இன்றைக்கு வேண்டாம் என்று அனுப்பிவிடுவார். பையனைத் தனியே அனுப்பத் தகப்பனாருக்கு மனமில்லை. கூடவே போனால் அவருடைய சொந்த வகுப்புகள் போகும், வரும்படி போகும். ஆகவே நின்றுபோயிற்று. பெரிய மனஸ்தாபம் எதுவும் இல்லை. காசுக் கணக்குதான். இதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார் பாருங்கள்.

சில வருஷம் கழித்து, லிக்னோவ்ஸ்கி பிரபுவின் வீட்டுத் தொடர்பில் மறுபடி சந்திப்பு. பையனுக்குத் திறமை உண்டென்று அன்றே சொன்னேனே, நீங்கள் போதிய கண்டிப்போடு வளர்க்கவில்லை என்று தகப்பனாரைக் கடிந்துகொண்டார் பீத்தோவன். எங்களுக்கு ஒரே பிள்ளை ஐயா என்றாராம் தகப்பனார். பீத்தோவன், அப்போது கையெழுத்தில் மட்டும் இருந்த 'வால்ட்ஸ்டைன்' சொனாட்டாவைப் பையன் முன்னால் வைத்துப் பார்த்து வாசிக்கச் சொன்னார். வாசித்தான். அன்று முதல் தம் கடைசி நாள் வரை பீத்தோவன் தன்னிடம் அன்பாகவே இருந்தார் என்று எழுதுகிறார் செர்னி. புதிதாக அச்சுக்குப் போகிற உருப்படிகளுக்குப் பிழை பார்க்கும் வேலையும், 'லியோனோரா' நாடகத்தைப் பியானோவுக்கு ஏற்ப மாற்றி எழுதும் வேலையும் இவருக்கு வந்தன.

1805 டிசம்பர் 7 அன்று பீத்தோவன் இவருக்கு ஒரு நற்சான்றும் எழுதிக்கொடுத்தார். பதினாலு வயதுக்கு மீறின தேர்ச்சி, ஆதரிக்கத் தக்கவர் என்பது அதன் சாரம். அந்தத் தேதியைக் கவனிக்கவேண்டும். நவம்பரில்தான் நெப்போலியனின் சேனை வியன்னாவுக்குள் புகுந்திருந்தது. டிசம்பர் 2-இல் ஆஸ்டர்லிட்ஸ் போரில் ஆஸ்திரியா தோற்றது. ஐந்து நாள் கழித்து, பிறத்தியார் படை ஊரில் இருக்கும்போது, ஒரு பையன் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்வதற்காகச் சான்று எழுதப்படுகிறது. பயணம் நடக்கவில்லை. செர்னி ஊர் சுற்றும் வித்வானாக ஆகவேயில்லை. காலையிலிருந்து இரவு வரை வகுப்பு எடுக்கிற வாத்தியாராக ஆனார். ஆனாலும் 1812 பிப்ரவரியில், 'எம்பரர்' என்று இன்று அழைக்கப்படும் ஐந்தாவது கன்செர்ட்டோவை வியன்னாவில் முதன்முதலாக மேடையில் வாசித்தவர் இவரே. எழுதினவருக்கு அதைத் தாமே வாசிக்கும் அளவுக்குக் காது இல்லை.

நட்பு என்றால் சண்டை இல்லாமலா? 1816 பிப்ரவரி 11-இல் ஷுப்பான்சிக் நடத்திய கச்சேரியில், பியானோவும் காற்று வாத்தியங்களும் சேர்ந்த பீத்தோவனின் குவின்டெட்டில் செர்னி பியானோ வாசித்தார். வயது இருபத்துநாலு. சும்மா இருக்கமாட்டாமல், எழுதியிருந்ததைக் கடினமாக்கி, மேல் ஸ்தாயிக்குத் தூக்கி, சொந்தச் சரக்கைச் சேர்த்து வாசித்துவிட்டார். பீத்தோவன் எல்லார் எதிரிலும் சீறிவிட்டார். மறுநாளே ஒரு கடிதம் வந்தது. நேற்று வாய்தவறிக் கொட்டிவிட்டேன், வருத்தமாக இருக்கிறது. நீங்கள் எவ்வளவு அழகாக வாசித்தாலும், எழுதினபடியே கேட்க ஆசைப்பட்ட ஓர் எழுத்தாளனை மன்னிக்கவேண்டும் என்பது அதன் பொருள். அடுத்த சொனாட்டாவின்போது எல்லார் முன்னிலும் சத்தமாகவே ஈடுசெய்துவிடுகிறேன் என்றும் சேர்த்திருந்தார்.

இது நமக்குத் தெரியவந்தது எப்படி? செர்னியே கடிதத்தையும் வெளியிட்டு, தாம் திட்டு வாங்கியதையும் எழுதினார். அந்தத் திட்டு நியாயம் என்றும் எழுதினார். ஊருக்கெல்லாம் பெரிய வாத்தியாராக இருக்கிறவர், பற்றுப் பக்கத்தில் இந்த வரியைப் போட்டிருக்கிறார்.

அதே 1816-இல் பீத்தோவன் தம் தம்பி மகன் கார்லைச் செர்னியிடம் பாடத்துக்கு விட்டார். தம்பி முந்தின நவம்பரில் இறந்துபோக, பையனுக்காக அவன் தாயாரோடு கோர்ட்டு வரை போய் நின்ற காலம் அது. பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றி அவர் செர்னிக்கு எழுதிய கடிதம், வாத்தியார்கள் எல்லாரும் படிக்கவேண்டியது. அன்பாகச் சொல்லிக்கொடுங்கள், விரல், தாளம், சுரம் இவை ஓரளவு சரியாக வந்தபின் உணர்ச்சி பற்றிப் பேசுங்கள், சின்னப் பிழைகளுக்காக நடுவில் நிறுத்தாதீர்கள், முடிந்தபிறகு சொல்லுங்கள். ஊரே முரடன் என்று சொன்ன மனிதர் ஒரு குழந்தைக்காக இப்படி எழுதுகிறார். அதைப் பத்திரமாக வைத்திருந்தவர், நம் பிள்ளைகளை வதைப்பதாகச் சொல்லப்படுகிற செர்னி.

இன்னொரு ஆளைப் பற்றியும் இங்கே சொல்லியாகவேண்டும். ஆண்டன் ஷிண்ட்லர், வயலின்காரர், பீத்தோவனின் கடைசி வருஷங்களில் காரியதரிசி மாதிரி இருந்தவர். 1840-இல் பீத்தோவன் சரித்திரத்தை வெளியிட்டார். இவருடைய விசிட்டிங் கார்டில் 'பீத்தோவனின் நண்பர்' என்று அச்சிட்டிருப்பதாக, 1841-இல் கவிஞர் ஹைனே கேலி செய்தார். காது கேளாத பீத்தோவனிடம் பேச வந்தவர்கள் தாங்கள் சொல்லவேண்டியதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டுவார்கள்; அவர் வாயால் பதில் சொல்வார். அந்த உரையாடல் நோட்டுகள் ஷிண்ட்லர் கைக்கு வந்து, 1846-இல் பெர்லின் அரச நூலகத்துக்கு விற்கப்பட்டன. நூற்றுமுப்பது வருஷம் ஆராய்ச்சியாளர்கள் அவற்றை வேதவாக்காக எடுத்தார்கள். 1977-இல் பெர்லின் நூலகத்தைச் சேர்ந்த டாக்மார் பெக், கிரிட்டா ஹெர்ரே என்ற இரண்டு பெண்மணிகள், ஷிண்ட்லர் கையெழுத்தில் இருந்த எத்தனையோ வரிகள் பீத்தோவன் இறந்தபிறகு, காலியிடங்களில் நுழைக்கப்பட்டவை என்று வெளிப்படுத்தினார்கள். இந்தச் சொனாட்டாவை இப்படித்தான் வாசிக்கவேண்டும் என்று பீத்தோவனோடு பேசியதாகக் காட்டும் வரிகளும் அவற்றில் உண்டு. வருஷக் கடைசியில் எழுதின சிட்டா!

இந்த ஷிண்ட்லர்தான் செர்னியின் பீத்தோவன் வாசிப்பைக் கடுமையாகக் குறைசொன்னவர். தமக்குத்தான் மூலம் தெரியும் என்பது அவர் வாதம். செர்னியோ 1842-இல் உட்கார்ந்து, தமக்கு நேர்ந்ததைச் சில பக்கங்களில் எழுதி மூடிவைத்துவிட்டார். அவர் வாழ்நாளில் அது நூலாக வரவில்லை. ஆங்கிலத்தில் 1956-இல் ஓர் அமெரிக்க இசைக் காலாண்டிதழில் வந்தது. நான் படித்தது அதன் நகலைத்தான். ஜெர்மன் மூலத்தை 1968-இல் வால்ட்டர் கோல்நெடர் பதிப்பித்தார்.

அதற்காகச் செர்னி சொன்னதெல்லாம் கல்வெட்டு என்று நான் சொல்லவரவில்லை. பீத்தோவன் சொனாட்டாக்களுக்கு இன்ன வேகம் என்று மெட்ரோனோம் எண்களை இவர் பல பதிப்புகளில் கொடுத்திருக்கிறார். ஒரு பதிப்பில் கொடுத்த எண் இன்னொன்றில் மாறிவிடுகிறது. வேகம் போன்ற விஷயம் ஞாபகத்தில் நழுவும். ஒருவருடைய காதும் கையும் வயதோடு மாறும். இவர் பிற்காலத்தில் பிறருக்குச் சொன்னதாகக் கேள்விவழியில் வந்த கதைகளையும் நான் அரைவிலைக்குத்தான் எடுத்துக்கொள்வேன். கண்ணால் கண்டதை, அதுவும் சிறு வயதில் பயந்துகொண்டே கண்டதை எழுதும்போது மட்டும் அவர் பேனா பிசகுவதில்லை.

லிஸ்ட் பற்றி அதிகம் சொல்ல இடமில்லை. 1819-இல் வெளிறிப்போன, நோஞ்சான் பையன் ஒருவனை அவன் தகப்பனார் கூட்டிவந்ததும், குடித்தவன் போல நாற்காலியில் ஆடி ஆடி அவன் வாசித்ததும் இதே குறிப்பில் இருக்கின்றன. பிறகு அவனுக்குச் சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். லிஸ்ட் அதை மறக்கவில்லை. தம் பெரிய எத்யூட் தொகுதியை 1852-இல் இவருக்கே சமர்ப்பித்தார்.

1827 மார்ச்சில் பீத்தோவனின் சவ ஊர்வலத்தில் தீவட்டி ஏந்திப் போனவர்களில் செர்னியும் ஒருவர். அதன் பிறகு முப்பது வருஷம் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அச்சான உருப்படிகளின் எண் 861 வரை போகிறது. 1857 ஜூலை 15-இல் இறந்தபோது நிறையச் சொத்து இருந்தது. உயிலில் வீட்டு வேலைக்காரிக்கு ஒரு பங்கு, வியன்னா இசை அன்பர்கள் சங்கத்துக்கு ஒரு பங்கு, தருமங்களுக்கு ஒரு பங்கு. அந்தத் தருமங்களில் ஒன்று காது கேளாதோர்க்கான நிலையம். நினைவுக் குறிப்பின் கையெழுத்துப் பிரதி அந்த இசை அன்பர்கள் சங்கத்தின் சுவடியகத்தில் இருக்கிறது.